குங்குமம் வைத்த மினிட்ஸ் புத்தகம்

போடியில் அப்பாவின் ஏலக்காய்க் கடைக்குப் பின்னால் ஒரு நீளமான கூடம் உண்டு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்களைத் தரம் பிரிப்பார்கள். கம்பெனி செக்ரட்டரி பரீட்சைக்கு நான் படித்தது அந்தக் கூடத்து மூலையில், காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்துதான். வீட்டில் எனக்கென்று மேசை நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு வரியும் மண்டையில் ஏறாது. இங்கே வாசனையில் கண் சொருகும். சொருகினாலும் படித்தது எப்படியோ உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்.

என்னிடம் இரண்டு வகைப் புத்தகங்கள் இருந்தன. மதுரையில் பழைய புத்தகக் கடையில் அள்ளி வந்த நிர்வாகவியல் புத்தகங்கள் ஒரு வகை. அவற்றில் வரும் மேலாளர்கள் யாருக்கும் வேர்ப்பதே இல்லை. பலகையில் அம்புக்குறி போடுவார்கள், சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அரைத்தூக்கத்தில் நானும் அந்தக் கண்ணாடி அறைக்குள் போய் நிற்பேன். பத்தொன்பதாவது மாடி. சன்னலுக்கு வெளியே சென்னை தெரிய வேண்டிய இடத்தில் போடிமெட்டு மலை நிற்கும், பாதி மேகத்துக்குள். யாரும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று கம்பெனி சட்டப் புத்தகம். செங்கல் கனம். எனக்கு அதுதான் உயிர், யாரும் நம்பாவிட்டாலும் சரி. சட்டத்தின் கண்ணுக்குக் கம்பெனி என்பது தனி ஆள் என்று படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்பா, சித்தப்பா, அம்மா மூன்று பேரும் இயக்குநர்களாக இருந்த எங்கள் பிரைவேட் லிமிடெட்டையும் ஓர் ஆளாக நினைத்துப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு வந்து உட்காரும். எதுவும் பேசாது. ரசம் மட்டும் இரண்டாவது தடவை கேட்கும்.

இயக்குநர் குழுக் கூட்டம் பற்றிய அத்தியாயம் வந்தபோதுதான் எங்கள் மினிட்ஸ் புத்தகம் ஞாபகம் வந்தது. கூட்டத்தில் பேசி முடிவு செய்ததை எழுதி வைக்கும் புத்தகம். அது எங்கள் வீட்டில் சாமி அலமாரியில் இருந்தது. கம்பெனி ஆரம்பித்த நாளில் பூஜைக்கு வைத்தார்கள், அப்புறம் அதுவே அதன் இடமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதன் அட்டைக்குக் குங்குமம் வைப்பாள். மதுரை ஆடிட்டர் ஆபீசில் தட்டச்சு செய்த தாள்கள் கூரியரில் வரும். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் மூவரும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள், அப்பா தாளைப் புத்தகத்துக்குள் செருகிவிடுவார். எங்கள் வீட்டில் கூட்டம் என்றால் அவ்வளவுதான்.

பயிற்சிக்காக ஒரு மதியம் அதை எடுத்துப் படித்தேன். சிரிப்பாக வந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று இருந்தது. எந்தக் கடையில் புரோட்டா வாங்குவது என்பதில்கூட ஒத்துப்போகாத அண்ணன் தம்பி அப்பாவும் சித்தப்பாவும்.

ஒரு பக்கத்தில் சிரிப்பு நின்றது. ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தைக் கம்பெனி பெயருக்கு மாற்றச் சம்மதித்து, இயக்குநர்கள் மூவரும் காலை பதினோரு மணிக்கு நேரில் கலந்துகொண்டதாக எழுதியிருந்தது. கீழே அம்மா கையெழுத்தும் இருந்தது. அம்மாவின் அப்பா அவள் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்த தோட்டம் அது. தேதியைப் பார்த்தேன். வீரபாண்டி அம்மன் கோவில் திருவிழாவில் தேர் இழுக்கும் வெள்ளிக்கிழமை. அந்த வருடம் அம்மா தீச்சட்டி எடுத்தாள். நானும் கூடப் போயிருந்தேன். அந்த நாளில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் யார் கூட்டம் போடுவார்கள்? மதுரையில் இருந்த ஆடிட்டருக்கு அது வெறும் வெள்ளிக்கிழமை.

அதற்கடுத்து, கையெழுத்தாகாமல் ஒரு புதுத்தாள் செருகியிருந்தது. அதே தோட்டத்தை விற்றுப் புது குடோன் கட்டத் தீர்மானம். ஒருமனதாக. அம்மா பெயருக்கு நேரே பெருக்கல் குறி காத்திருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா மேல், ஆடிட்டர் மேல், குங்குமம் வைத்தவள் ஒரு நாளும் திறந்து பார்க்காததால் அம்மா மேலும்.

மாதத்துக்கு ஒரு தடவை அம்மா ஓடைப்பட்டிக்குப் போவாள். அந்தத் தடவை நானும் பஸ் ஏறினேன். பந்தலுக்கடியில் வெயிலே பச்சையாக இருந்தது. அம்மா அண்ணாந்து ஒவ்வொரு குலையாகத் தொட்டுக்கொண்டு நடந்தாள். அங்கே அவள் வேறு ஆள், நடைகூட மெதுவாகிவிடும். சொல்லாமலே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனாலும் சொன்னேன்.

"அம்மா, இத விக்கப் போறாக. உன் கையெழுத்துக்குத் தாள் வந்து கெடக்கு."

அவள் கை குலையிலேயே நின்றது. "நான் வேண்டாம்னா நின்னுருமா?" என்றாள்.

"நிக்காது. ரெண்டு பேரு சரின்னா போதும். ஆனா நீ வேண்டாம்னு சொன்னத நோட்டுல எழுதியே ஆகணும்மா."

"நான் சொன்னதையா?"

"நீ சொன்னதத்தான்."

ஊர் திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அப்பாவிடம், "ஞாயித்துக்கிழம மீட்டிங்க வைங்க, நானும் வாரேன்" என்றாள்.

சித்தப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "வீட்டுக்குள்ளயே இருக்கீக, எங்கிட்டிருந்து வாரீக மதினி?" என்றார். இருந்தாலும் ஞாயிறு காலை வீட்டுக் கூடத்தில் மூன்று நாற்காலி போட்டோம். எழுதுவதற்கு நான் தரையில் உட்கார்ந்தேன். அப்பா குடோன் ஏன் வேண்டும் என்று சொன்னார். மழைக்காலத்தில் சரக்கு நனைகிற கதை எனக்கும் தெரியும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்குச் சம்மதமில்ல. அது எங்கய்யா எனக்குக் குடுத்தது. கம்பெனிக்கு மாத்துன அன்னிக்கு நான் இங்கன இல்ல, வீரபாண்டில தீச்சட்டியோட நின்னேன். இதையும் எழுது ஆத்தா" என்று என் பக்கம் திரும்பினாள்.

"நாம ரெண்டு பேரு போதும்ணே" என்றார் சித்தப்பா. சட்டம் அவர் பக்கம்தான். என் வாழ்க்கையில் அந்தச் சட்டப் புத்தகத்தை வெறுத்த ஒரே நிமிடம் அது.

அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதி, வாசித்துக் காட்டி, தலைவர் கையெழுத்துக்காக அப்பாவிடம் நீட்டினேன். அவர் வழக்கம்போலப் பேனா மூடியைக் கழற்றினார். அப்புறம் என்ன தோன்றியதோ, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். பழைய பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி, மூவரும் நேரில்.

"அன்னிக்கு நானும் இங்கன இல்லையே" என்றார். "வேப்பிலையோட உன் பின்னாலதான வந்தேன்."

அம்மா அவரையே பார்த்தாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய பக்கத்தில் இன்றுவரை கையெழுத்து இல்லை. ஓடைப்பட்டியில் இந்த வருடமும் கவாத்து வெட்டி முடிந்து கொடி தளிர்த்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா மினிட்ஸ் புத்தகத்துக்கு இப்போதும் குங்குமம் வைக்கிறாள், முதலில் அதைத் திறந்து படித்துவிட்டு.