ஷேர் ஆட்டோ இங்கிலீஷ்

பிள்ளைகளா, நான் லைன் லீடர் ஆனது எப்படி என்று கேட்டீர்கள். எழுதியே வைக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு பாகங்கள் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. மெஷின் வேலை கைக்குப் பழகிவிட்டது. ஆனால் ஒரு வரிசை மெஷின்களுக்கே பொறுப்பான லைன் லீடர் என்றால், வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்களுக்கு இங்கிலீஷில் விளக்க வேண்டும். முதல் தடவை இன்டர்வியூவில் அதில்தான் தோற்றேன். 'கோ'வா, 'வென்ட்'டா என்று மனசுக்குள் தேடிக்கொண்டிருந்ததில் வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சேக்காட்டிலிருந்து நாங்கள் வேலைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஒரு வழக்கம் வந்தது. எங்கள் கம்பெனியில் தரம் பார்க்கும் அக்கா தொடங்கி வைத்தார். ஏறினால் இறங்கும்வரை இங்கிலீஷ். தப்பு வந்தால் அக்கா திருத்துவார். சொன்னவர் 'சாரி' கேட்கக் கூடாது; வாக்கியத்தை முதலிலிருந்து சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"ஐ டிட் நாட் வென்ட்" என்றேன். 'டிட்' வந்தாலே நேற்று நடந்தது என்று தெரிந்துவிடும், பின்னால் 'கோ' போதும் என்றார் அக்கா. இன்னொரு நாள் உங்களைப் பற்றிப் பெருமையாக, "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்றேன். 'ஐ ஹேவ்' என்று திருத்தினார். அதையும் கத்திச் சொன்னேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே தப்பு, அதே கத்தல்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, தெனம் அந்த ரெண்டு புள்ளைங்களையும் வண்டில ஏத்திகினு வர்றே. அதுங்களுக்கு சீட்டு காசு யாரு குடுப்பா?"

ஆட்டோவே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்குக் கூச்சம் குறைந்தது.

மறுபடி இன்டர்வியூ வந்தது. முந்தின வாரம் என் மெஷின் ஏன் நின்றது என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார். "கூலன்ட் டிட் நாட் கேம்" என்று வாயில் வந்துவிட்டது. பழைய ஆளாக இருந்தால் அதோடு அடங்கியிருப்பேன். வாய் தானாகவே வாக்கியத்தின் முதலுக்குப் போனது. "கூலன்ட் டிட் நாட் கம், சார்." ஆட்டோவில் கத்துகிற அதே சத்தம், பக்கத்து அறைக்கும் கேட்டிருக்கும். பிறகு மெஷினைக் குளிரவைக்கும் அந்தத் திரவம் வரும் குழாய் அடைத்துக்கொண்டது, நான் கழற்றியது, யாரைக் கூப்பிட்டேன் என்பதெல்லாம் சொன்னேன். நடுவில் தடுக்கியது. திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போனேன்.

மேனேஜர் தமிழுக்கு வந்தார். "தப்பை நீங்களே பிடிச்சுட்டு, நிக்காமப் பேசுறீங்க. லைனை நீங்க பார்த்துக்கோங்க."

அடுத்து வெளிநாட்டுக்காரர்கள் வந்தபோது லைனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நான்தான் கூட்டிப்போனேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கிளம்பும்போது ஒருவர் கை நீட்டினார். என் கையில் கிரீஸ் இருந்தது. துடைக்கத் துணி தேடினேன். அவர் அதற்குள் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.