பதினாறடி போர்டு

உலகத்தில் முடிசூடிய ராஜாக்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். டேப்பைத் தொடாமல், ஒரே பார்வையில், விரற்கடை தப்பாமல் அத்தனை பேருக்கும் பெட்டி அளவு சொல்லிவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். ராஜாக்கள் யாரும் இதுவரை வராததால், இன்றைக்கு நகராட்சி எழுத்தரை அளந்துகொண்டிருந்தார்.

"அஞ்சடி ஏழு. தோள் மட்டும் கொஞ்சம் அகலம்."

"என்னய்யா முணுமுணுக்கிறே?"

"ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்கீங்கன்னு சொன்னேன்."

சவப்பெட்டி செய்கிறவர் அவர். தெருவில் 'கடைசி ஸ்டாப்' என்றுதான் பேர். நேரில் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. நான் மாமா என்பேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில், எங்கள் ரொட்டிக் கடைக்கு அடுத்த கதவு அவருடையது. உள்ளே போனால் மரத்தூள் மூக்கில் ஏறும், வார்னிஷ் நெடியில் தலை சுற்றும். பாதி முடிந்த பெட்டியின் மேல் பேப்பரை விரித்துத்தான் மத்தியானம் சாப்பிடுவார். சாப்பிட்டதும் அதற்குள்ளேயே கால் நீட்டி ஒரு குட்டித் தூக்கம். கேட்டால், "இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து குறை சொன்னதில்ல. நான்தானே படுத்துப் பாக்கணும்" என்பார். கடைக்கு வருகிறவர்களை 'வாங்க' என்று சொல்லமாட்டார். போகிறவர்களிடம் 'போயிட்டு வாங்க' என்றும் சொல்லமாட்டார். எழுந்து நிற்பார், அவ்வளவுதான். யாருடைய அளவானாலும் நாலு விரல் கூட வைத்துத்தான் அறுப்பார். "நிக்கிற மனுஷன் வேற, படுக்கிற மனுஷன் வேற. படுத்தா நீளுவான்" என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

கடை போர்டு எட்டடி அகலம், இரண்டடி உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது நகராட்சி விதி. இவருடையது பதினாறடிக்கு நாலடி. கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து, பின்னால் விளக்கு வேறு. 'சவப்பெட்டி' என்று ஒரே ஒரு சொல். கடைக்குப் பேரும் கிடையாது, ஃபோன் நம்பரும் கிடையாது. சிறப்பு அனுமதி வாங்காவிட்டால் மாதக் கடைசியில் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவோம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து திங்கட்கிழமை ஆனால் மரத்தூளைத் தட்டிவிட்டு, இருக்கிற ஒரே இஸ்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஒவ்வொரு ஜன்னலும் அடுத்த ஜன்னலைக் கைகாட்டும். இந்த எழுத்தர்தான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தவர்.

"மருந்துக் கடைக்காரனே சின்னதாத்தான் வச்சிருக்கான். உனக்கு எதுக்குய்யா இவ்வளவு பெருசு? கூட்டம் அலைமோதவா?"

"என் கடைக்கு வர்றவங்க கண்ணுல தண்ணியோட வருவாங்க சார். சின்ன எழுத்து தெரியாது. தெரியலன்னா யாரையாவது கேக்கணும். பக்கத்துல ரொட்டிக் கடையில நின்னு, சவப்பெட்டி எங்க கிடைக்கும்னு கேட்டா, அவன் சும்மா வழி சொல்வானா? யாருக்கு, என்ன வயசும்பான். இப்பத்தான் ஆஸ்பத்திரியில அத்தனை பேருக்கும் சொல்லிட்டு வந்திருப்பாங்க. மறுபடி ஒரு தடவை வாயால சொல்லணும். ஒரு நாள் ஒருத்தர் சொல்ல முடியாம, கையை இப்படி விரிச்சுக் காட்டிக்கிட்டே நின்னார் சார்."

அவரும் விரித்துக் காட்டினார். இரண்டு கைக்கும் நடுவில் ரொம்பக் கொஞ்சம் இடம்தான் இருந்தது. எழுத்தர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனாலும் விதி விதிதான். ஆஸ்பத்திரியிலிருந்து புகார் போயிருந்தது. மூன்றாம் மாடி வார்டில் ஜன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அந்த ஒரு சொல்தானாம். "அதிகாரி ஒரு நாள் சாயங்காலம் வார்டுக்கே வந்து பார்ப்பார். தொந்தரவு இல்லைன்னு தோணுச்சுன்னா கையெழுத்து. இல்லைன்னா லாரி" என்று சொல்லி அனுப்பினார் எழுத்தர்.

அதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் தன் மனைவிதான் படுத்திருக்கிறார் என்பதைப் பெட்டிக்காரர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அத்தைக்கு எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்களிடம் கேட்பதை எல்லோரும் நிறுத்திவிட்டிருந்தார்கள். பெட்டிக்காரர் தினமும் போய்க் கட்டிலருகே உட்காருவார். தெருவையே அளக்கிற கண், அங்கே மட்டும் தலையணையைத் தாண்டி இறங்காது. சுவரைப் பார்ப்பார், சலைன் பாட்டிலைப் பார்ப்பார். வார்டுக்கு ரொட்டி கொண்டுபோகிறபோது அவர்கள் பேச்சு என் காதில் விழும்.

"என்னங்க, என்னைப் பாத்துப் பேசுங்களேன். அந்தப் பாட்டிலையா கட்டிக்கிட்டீங்க?"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"விடிய விடிய உங்க போர்டுதான் எரியுது. கண்ணை மூடினா இமைக்குள்ளயும் அதே எழுத்து."

"அணைச்சிடட்டா?"

"அய்யோ வேணாம். எவளாவது அழுதுக்கிட்டுத் தேடுவா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கு நாலு விரல் கூட வைக்காதீங்க. நான் ஏற்கெனவே சுருங்கிட்டேன்."

அவர் சலைன் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு போர்டு ஒழுங்காக எரியவில்லை. இருட்டுகிற நேரத்துக்குப் பார்த்தால் ஃபியூஸ் கட்டையைக் காணோம். புதிதாக வாங்கி மாட்டுவார். மறுநாள் அதுவும் போயிருக்கும்.

"எலியாத்தான் இருக்கும் மாமா" என்றேன்.

"பீங்கான் திங்கிற எலியா?" என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அளந்தாரோ என்னவோ.

அதிகாரி வந்த சாயங்காலம் வார்டு ஜன்னலில் வெறும் இருட்டு. நான் ரொட்டித் தட்டோடு கதவருகே நின்றேன். அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"எங்கேய்யா போர்டு? ஒண்ணும் தெரியலையே."

"சார், அது வந்து... இன்னைக்கு ஃபியூஸு..." என்று பெட்டிக்காரர் ஆரம்பித்தார்.

அதிகாரி காதில் வாங்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்து, "அந்தப் போர்டு உங்களுக்குத் தொந்தரவா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"எந்தப் போர்டுங்க?" என்றார் அத்தை, இருமலை அடக்கிக்கொண்டு. "வந்த நாள்லேருந்து இங்கதான் கிடக்கேன். எனக்கு ஆகாசம்தான் தெரியும்."

அதிகாரி காகிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, அவர் கையில் திணித்துவிட்டுப் போனார். பெட்டிக்காரர் நம்பமுடியாமல் திரும்பி மனைவியைப் பார்த்தார். பார்த்தவர் பழக்கதோஷத்தில் தலையணையோடு நிறுத்தவில்லை. கண் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை போய் வந்துவிட்டது.

அத்தை போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"எவ்வளவுங்க?"

அவர் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடிக்க ஆரம்பித்தார்.

கீழே இறங்கி வந்தவர் கடைக்குள் போகவில்லை. ஸ்டூலைத் தூக்கிவந்து, எரியாத போர்டுக்குக் கீழே நடைபாதையில் போட்டு, ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தேடி வருகிறவர்கள் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். அவரைப் பார்த்தாலே போதும். நான் சத்தமில்லாமல் எங்கள் கடை அடுப்புப் பக்கம் நழுவினேன்.

"டேய் எலி."

போய் நின்றேன். கையை நீட்டினார். என் டிரவுசர் பையிலிருந்த கட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். விளக்குக் கம்பத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு ஊது ஊதினார். வெள்ளையாகத் தூள் பறந்தது.

"மாட்டிடவா மாமா?"

கட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டு, பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

"இனிமே கையைத் துடைச்சிட்டுத் திருடுடா. என் ஃபியூஸ் பெட்டி முழுக்க உங்க கடை மாவு."