சக்கரத்தை மறைத்த சுவர்

என் அப்பாவுக்கு வீடு கட்டுவது என்றால் ஆகாது. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குன்னூருக்குப் பக்கத்தில், ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் பஸ் டிரைவர். ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குகிற வேலை. குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். நான் பிறந்தது, நடை பழகியது, வயதுக்கு வந்தது எல்லாம் அந்த இரண்டு அறைகளில்தான். ரிட்டையர் ஆனால் காலி செய்ய வேண்டும் என்பது அங்கே குடியிருந்த எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் அதற்குள் காந்தலிலோ, கீழே மேட்டுப்பாளையத்திலோ ஒரு துண்டு நிலம் பார்த்து நாலு சுவர் எழுப்பிவிடுவார்கள். என் அப்பா ஏலத்தில் போன இரண்டு மினி பஸ்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, இதென்னங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஊடு" என்றார்.

அம்மாவிடம் முன்னால் ஒரு வார்த்தை கேட்டாரா? கிடையாது. என்னிடம் கேட்பதாவது! கல்யாண வயதில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு பஸ்ஸில் குடும்பம் நடத்தப் போகிறோமே என்று அந்த மனிதருக்குத் துளி யோசனை இருந்திருக்க வேண்டுமே!

அவரிடம் ஒரு காரணம் இருந்தது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர். முந்தின சாயங்காலம் விளக்கெரிந்த வீடு மறுநாள் காலையில் சேற்றுக்குள் கிடந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறார். "கட்டின ஊடு ஓடாது சாமி. மண்ணு சரிஞ்சா அதுக்குள்ளயே கெடந்து சாகோணும். இது அப்படியா? சாவியப் போட்டமா, அக்கட்டால நகந்தமா, தீந்துது" என்பார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதே பல்லவிதான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

பிக்கட்டிக்குப் பக்கத்தில் அவருடைய கூட்டாளி ஒருவர், படுகர், கேரட் போடுகிற காட்டில் ரோட்டை ஒட்டிய ஒரு துண்டை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டு பஸ்களும் அங்கே போய் நின்றன. மூக்கு ரோட்டைப் பார்த்தபடி, பின்பக்கம் மேட்டைப் பார்த்தபடி. பெரியதில் அடுப்பும் சாமியும் நானும். சின்னதில் அப்பாவும் அம்மாவும் துணிமணிகளும். சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டிருந்தார். சாமி படங்களை எங்கே வைப்பது என்று அம்மா நாளெல்லாம் அலைந்து கடைசியில் ஸ்டியரிங்குக்கு மேலே கண்ணாடியோரம் வரிசையாக நிறுத்தினாள். முருகனைக் கும்பிட வேண்டுமானால் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும்.

நீலகிரியில் சமதளத்துக்கு எங்கே போவது? சக்கரத்துக்கடியில் எத்தனை கல் வைத்தாலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. சட்டியில் மாவு கோணலாகப் பொங்கியது. ரசத்தைத் தட்டின் ஒரு ஓரத்தில்தான் ஊற்ற முடியும். விடிகாலையில் தகரக் கூரை வியர்த்துச் சொட்டுச் சொட்டாகத் தலையணையில் விழும். துணி மாற்ற வேண்டுமென்றால் சுற்றிலும் உள்ள ஜன்னல்களுக்கெல்லாம் திரை இழுக்க வேண்டும். அதற்குள் ரோட்டில் போகிற லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். குன்னூரில் நான் வேலை பார்த்த தையல் கடையில் "ஊடு எங்கீங்க?" என்று கேட்டால் "பிக்கட்டிங்க" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொள்வேன்.

ஒருநாள் காலையில் ஒரு பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏறி, என் கட்டிலில் உட்கார்ந்து, "மஞ்சூருக்கு ஒண்ணு" என்று காசை நீட்டினார். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வெளியே நின்று, "இன்னிக்கு சர்வீஸ் இல்லீங்க பெரியவரே" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்கு வாயிலிருந்த நுரையை அவர் மேலேயே துப்பலாம் போலிருந்தது.

இப்படி இருக்கையில்தான் அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கோயமுத்தூரில் ஒரு மில்லில் கணக்கெழுதுகிறவர். தகப்பனார் இல்லை, அம்மா மட்டும். முதல் தடவை இருவரும் பெண் பார்க்க வந்தபோது அந்த அம்மாள் ரோட்டிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளை மட்டும் படியேறி வந்து, கண்டக்டர் மணிக் கயிறு இன்னும் தொங்குவதைப் பார்த்து, இழுத்தார். டிங் என்றது. என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? அந்த ஜன்னல் ஜன்னலான வாழ்க்கையில் என்னைப் பார்த்துக் கேலியில்லாமல் சிரித்த முதல் ஆள் அவர்தான். இந்தக் கல்யாணம் நடந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே வேண்டிக்கொண்டேன்.

அந்த அம்மாள் ஒருவழியாக உள்ளே வந்தார். பெண் கொடுக்கல் வாங்கல் முடிவாகிற வரைக்கும் எங்கள் பக்கத்தில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். அதனால் காப்பியைத் தொடவில்லை. அதுகூடப் பரவாயில்லை. குனிந்து குனிந்து சக்கரத்தையே பார்த்தார்.

"ஏனுங்ணா, பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குது. ஆனா சக்கரம் வெச்ச ஊட்டுல முகூர்த்தக்கால் எங்கீங்க நடறது? எங்கூட்டு வாசல்ல ஒண்ணு, பொண்ணூட்டு வாசல்ல ஒண்ணு நட்டாத்தான் எங்களுக்குக் கல்யாணம். நாளைக்கே நீங்க வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிட்டா அந்தக் கால் ஆரு ஊட்டு வாசல்ல நிக்கும்?"

அப்பா சிரித்து மழுப்பப் பார்த்தார். அந்த அம்மாள் விடவில்லை.

"ஒரம்பரை, சொந்தம்னு நாலு பேரு வருவாங்க. பொண்ணூடு பஸ்ஸுன்னு சொன்னா எம் மூஞ்சிய எங்க கொண்டு போயி வெச்சுக்குவேன்? நாலு பேரு பாத்தா ஊடு மாதிரி இருக்கோணுங்க. அவ்வளவுதான்."

மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார். அம்மா எத்தனை நாள் அழுதாள், நான் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தேன், எதற்காவது அசைந்தாரா அந்த மனுஷர்? வெளியாள் ஒருத்தி மூக்கைச் சுளித்ததும் குழைந்துபோனார். நிலம் தந்த கூட்டாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பெரிய வண்டியின் டயர்களில் காற்றை இறக்கித் தரையோடு தரையாக உட்கார வைத்தார். நாலு பக்கமும் கருங்கல் அடுக்கி சிமெண்ட் பூசிச் சக்கரம் தெரியாமல் மறைத்தார்கள். வாசலில் இரண்டு படி கட்டி, எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் வீடு. அம்மா முதல்முறையாக ஒரு படியில் கோலம் போட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தாளே, அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. அவளுக்காக நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பாவும் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரிடமும் நகர்த்துகிற கதையை அவர் பேசவில்லை.

ஐப்பசியில் முகூர்த்தம். அந்த அம்மாளே மேட்டுப்பாளையத்திலிருந்து பால் வடிகிற மரக் கிளை ஒன்றை வெட்டி, பஸ்ஸில் வைத்துக் கொண்டுவந்தார். மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து, மாவிலை கட்டி, பெரிய வண்டியின் மூக்குக்கு முன்னால் ஈசான மூலை பார்த்து முகூர்த்தக்காலாக நட்டார்கள். பால் ஊற்றினார்கள். சம்பந்தம் உறுதியாகிவிட்டதால் அன்றைக்கு அந்த அம்மாள் கை நனைத்துவிட்டுத்தான் போனார். "கல்யாணம் முடியற வரைக்கும் கால்ல காத்துக்கூடப் படக்கூடாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

காற்றா பட்டது? மழை பிடித்துக்கொண்டது. விடவேயில்லை. மேட்டிலிருந்து முதலில் தெளிந்த தண்ணீர் வந்தது, பிறகு செம்மண் கலங்கலாக வந்தது. ஒரு மத்தியானம் அப்பா மேலே ஏறிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "வெடிச்சிருக்குது. மேட்டு மண்ணு கை போற அளவுக்கு வெடிச்சிருக்குது. எந்திரிங்க, வண்டிய எடுக்கோணும்."

சின்ன வண்டியை முதல் சாவியிலேயே கிளப்பி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு காற்றடிக்கிற பம்பையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு பெரிய வண்டிக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். பின்னால் மேடு. ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் வாய்க்கால். முன்னால் போக மட்டும்தான் வழி. முன்னால் கால் நின்றது.

அம்மா ஓடி வந்து காலுக்கு முன்னால் நின்றுகொண்டாள். "அதுல கைய வெக்காதீங்க. நட்ட காலப் புடுங்கினா புள்ள வாழாதுங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"அப்பா, புடுங்கி எறிங்கப்பா!" என்று நான் கத்தினேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங் கல்யாணம் சாமி" என்றார். அப்புறம் செய்தாரே ஒரு காரியம்! பின் சக்கரத்துப் பக்கம் போய் அங்கே சுவரை இடிக்க ஆரம்பித்தார். எதற்கு? பின் சக்கரத்தை விடுவித்து எங்கே போவது? மேட்டுக்குள்ளேயா? ஆயுள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதர் அவர். அது உதவாது என்று அவருக்குத் தெரியும். கை சும்மா இருக்க முடியாமல், காலையும் தொட முடியாமல், கல்லைக் குத்திக்கொண்டிருந்தார். மழையில் நனைந்துகொண்டு அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அந்த நேரத்தில் அம்மாவுக்குப் பெரிய வண்டியில் சாமிக்கு முன்னால் வைத்திருந்த என் கூறைப்புடவை நினைவு வந்துவிட்டது. உள்ளே ஏறிவிட்டாள்.

மேடு பெரிதாகச் சத்தம் போடவில்லை. தடதடவென்று மூட்டை இறக்குகிற மாதிரி ஒரு ஓசை. நான் அலறினேன். அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, படியில் நின்ற அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். மண் வண்டியின் முதுகில் மோதியது. சுண்ணாம்பு அடித்த சுவர் பெயர்ந்தது. வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, கீழே கேரட் பாத்தியில் புரண்டு, பாதிக்கு மேல் சேறு மூடிப்போயிற்று. அடுப்பு, பாத்திரம், ஸ்டியரிங்கின் மேலிருந்த முருகன், நான் படுத்த கட்டில், எல்லாம் அதற்குள். அம்மாவின் வலது கை எலும்பு உடைந்திருந்தது. புடவையை மட்டும் விடவில்லை.

வண்டிக்கு முன்னால் நட்ட கால் ஆடாமல் அசையாமல் நின்றது. மஞ்சள் துணிகூட அவிழவில்லை.

மறுநாள் மழை விட்டது. சேதி கேட்டு மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்து இறங்கினார்கள். ரோட்டோரத்தில், சின்ன வண்டியின் படியில் அம்மா கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா முழங்கால்வரை சேறோடு எழுந்து நின்றார். அந்த அம்மாள் அம்மாவின் கையைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எங்களைத் தாண்டி நேராக நடந்தார்.

"கால் நிக்குதுங்களா?"

போய்ப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "கால் சாயவே இல்லீங்ணா. நல்ல சகுனமுங்க. கல்யாணத்த நிறுத்த வேண்டீதில்லை. ஊடு போனாப் போகுது."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். 'கை எப்படி இருக்குதுங்க?' என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டாரா? அது போதும் எனக்கு. அவர் செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா சிரித்தார். சேறு காய்ந்த கையைக் கூப்பிக்கொண்டு, "உங்க புண்ணியமுங்க, உங்க புண்ணியமுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மலையையே அலட்சியமாகப் பேசிய மனிதர், மனைவியின் கை உடைந்து கிடக்கும்போது அந்தப் பெண்பிள்ளைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நடந்துபோய் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். மழையில் ஊறிய மண், சுலபமாகவே வந்தது. அம்மா "ஐயோ" என்று கத்தினாள். அந்த அம்மாள் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் நடந்தார். அவரும் கூடவே போனார். மணிக் கயிற்றை இழுத்துச் சிரித்த அதே ஆள்தான்.

அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏஞ்சாமி, நட்ட காலப் புடுங்கிப்போட்டயே" என்றார்.

"நேத்து நீங்க புடுங்கியிருக்கோணுங்கப்பா" என்றேன்.