ஒரு பிடி பஞ்சு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்தான். ஆனால் எலிக்காரரை யாரும் லேசாக நினைத்துவிட முடியாது. மூளை ஆராய்ச்சிக்கூடத்துக்கு வாசல் கூட்டுகிறவராக வந்து, இருபத்தாறு வருஷத்தில் நானூறு எலிக்கூண்டுகளின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர். எந்த எலி சுணங்குகிறது என்று மூக்கைக்கொண்டே சொல்வார். படித்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்தாலும் அந்த மூக்கு வராது. இதை அவரே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

அங்கே டாக்டரம்மா, குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். மரபணு ஒன்றில் இருக்கும் கோளாறுதான் காரணம். அதே கோளாறுள்ள எலிகளில் பாதிக்குச் சிவப்பு அட்டை. அவற்றுக்குப் புது மருந்து ஊசி. மீதிக்கு வெள்ளை அட்டை. வெறும் உப்புத்தண்ணீர் ஊசி. மூன்று வருஷம் கழித்து வந்த கட்டுரையில் இரண்டு சேதி. சிவப்பு அட்டை எலிகளுக்கு வலிப்பு பாதியாகக் குறைந்தது. அவை கட்டும் கூடும் இரண்டு மடங்கு பெரிது, மூளை தெளிந்ததற்கு அதுவே அடையாளம். பல ஊர் ஆராய்ச்சிக்கூடங்கள் அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டு அதே சோதனையைத் தங்கள் எலிகளில் செய்து பார்த்தன. எலிக்காரரோ முடிவெட்டும் கடையில் "நம்ம கண்டுபிடிப்பு" என்று ஆரம்பித்து, பாதித் தலையோடு ஒரு மணி நேரம் பேசினார்.

ஒரு திங்கட்கிழமை வெளியிலிருந்து இரண்டு விஞ்ஞானிகள் வந்தார்கள். எலிக்காரர் கூண்டு மாற்றிக்கொண்டே காதைக் கொடுத்தார்.

"எங்க எலிங்க அவ்வளவு பெரிய கூடு கட்டலைங்க மேடம். வலிப்பும் கொஞ்சம்தான் குறையுது. இன்னும் மூணு இடத்துல இதே கதைதான். மருந்து குழந்தைங்ககிட்ட போறதுக்கு முன்னாடி நீங்க இதுக்கு பதில் சொல்லணும்."

டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போனது. எலிக்காரருக்குக் கையிலிருந்த கூண்டு கனத்தது. அந்த மருந்து ஊசி எரியும். போட்டதும் சிவப்பு அட்டை எலிகள் மூலையில் ஒடுங்கிவிடும். மனசு கேட்காமல், கூடு கட்டப் போடும் பஞ்சில் அதுகளுக்கு மட்டும் தினமும் ஒரு பிடி கூடுதலாகத் திணித்துவந்தார். பஞ்சு இருந்தால் எந்த எலிதான் பெரிய கூடு கட்டாது? கதகதப்பாகப் படுத்த எலிக்கு வலிப்புகூடக் குறையலாம்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. திறந்தால் இருபத்தாறு வருஷப் பேரும் போகும், சாவியும் போகும். வந்தவர்கள் கை கழுவப் போனதும் டாக்டரம்மாவின் மேசைக்குப் போனார்.

"டாக்டரம்மா, அந்தக் கூடு மருந்தால வந்தது இல்லைங்க."

"பின்ன?"

"என்னால வந்தது."

பஞ்சுக் கதை முழுவதையும் கேட்டு அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷமா அண்ணே?"

"ஞாயித்துக்கிழமைகூட விட்டதில்லைங்க."

"இதுல பெருமை வேறயா உங்களுக்கு? சாவியை வைங்க."

வைத்தார். டாக்டரம்மா இழுப்பறையிலிருந்து சின்னத் தராசு ஒன்றை எடுத்து, சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"முதல்லேருந்து ஆரம்பிக்கிறோம். இனிமே எல்லாருக்கும் எட்டு கிராம். எடை போட்டு, எழுதி, கையெழுத்துப் போடுங்க. ரெண்டையும் எடுத்துக்குங்க."

சிவப்பு அட்டைகள் மூலையில் ஒடுங்கியபோதெல்லாம் எலிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எட்டு கிராமோடு நின்றார். ஒரு வருஷத்தில் பெரிய கூடு என்ற கதை காற்றில் பறந்தது. வலிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது நிஜம் என்று நின்றது. டாக்டரம்மா ஒளிக்காமல் பஞ்சு உட்பட எல்லாவற்றையும் எழுதித் திருத்தம் வெளியிட்டார். பழைய கட்டுரையைவிடத் திருத்தத்தைத்தான் ஊர் ஊராகப் படித்தார்கள். படித்த இடமெல்லாம் எலிக்கூண்டுக்குப் பக்கத்தில் தராசு வந்தது.

"எங்கெங்கேயோ எலிக்குப் பஞ்சை எடை போட்டு வைக்கிறாங்க. யாரால?" என்று வீட்டில் கேட்டார்.

தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

"நீங்க பண்ணின கூத்தாலதான். பேசினது போதும், இந்த மூலையில கொஞ்சம் திணிங்க."

"எத்தனை கிராம்?" என்றார் எலிக்காரர்.