சீனி கலாஸ்

சவூதியின் தம்மாம் துறைமுக விரிவாக்க வேலையில் டீ போடுகிறவர் சேதுபதி. பரமக்குடிப் பக்கத்துக்காரர். அங்கே தங்க அனுமதி தரும் இக்காமா அட்டையில் அவர் 'ஆபீஸ் பாய்'. வயது ஐம்பத்தெட்டு.

வேலையை எடுத்திருப்பது ஒரு சீனக் கம்பெனி. சீனாக்காரன் ஊர் ஊராகப் போய்த் துறைமுகம் கட்டுவதைப் பற்றி டெல்லியிலும் வாஷிங்டனிலும் பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். சேதுபதிக்கும் கவலைதான், ஆனால் வேறு விதம். சீனர்கள் அவர் டீயைக் குடிப்பதில்லை. ஆளுக்கொரு பிளாஸ்க்கில் இலையைப் போட்டுக்கொண்டு வந்து வெந்நீர் மட்டும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வெந்நீருக்கு ஆள் எதற்கு? அடுத்த மாதம் டீக் கவுண்டரை மூடி மெஷின் வைக்கப்போவதாக மேனேஜர் லியு சொல்லிவிட்டார். இந்த வயதில் எந்த அரபி முதலாளி, எந்தக் கபீல் புதிதாக விசா கொடுப்பான்?

"கொரியாக்காரன் இருந்தப்ப இப்புடியா?" என்பார், கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். முன்பு இருந்த கொரியாக் கம்பெனியின் எஞ்சினியர்கள் சிமெண்ட் மூட்டைமேல் குந்தி, கிளாஸின் அடியில் கரையாமல் கிடக்கும் சீனியை விரலால் வழித்து நக்குவார்கள். "சேத்து, சேத்து" என்று கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை பந்து விளையாட்டில் அவர்தான் கோல்கீப்பர். கடுமையாகத் திட்டுவார்கள். இப்போது நினைத்தால் அதுகூட இனிக்கிறது. ஒருநாள் காலையில் மெஸ்ஸுக்குப் போனால் பூட்டு. கம்பெனி கிளம்பிவிட்டது என்ற சேதியைக் குபூஸ் ரொட்டி வண்டிக்காரன்தான் சொன்னான். அன்றைக்கு அழுதவர்களில் சேதுபதியும் ஒருவர்.

போன வியாழக்கிழமை டப்பாவில் சீனி தீர்ந்தது. தண்ணீர் டேங்கர் ஓட்டும் பெஷாவர்க்காரர் குல்கான் டவுனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேலே சேதுபதி கத்தினார்: "பாய், சீனி கலாஸ்."

அரபியில் கலாஸ் என்றால் தீர்ந்தது; ஒரு மூட்டை வாங்கி வரச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் இந்தியிலும் உருதுவிலும் சர்க்கரையும் சீனி, சீனாக்காரனும் சீனி. குல்கான் கேட்டது, சீனாக்காரன் கதை முடிந்தது என்று. மூட்டைக்குப் பதில் செய்தியை ஏற்றிக்கொண்டு போனார். மதியத்துக்குள் கிரேன்கள் நின்றன.

"அமெரிக்காக்காரன் நெருக்கிட்டாண்ணே," என்றான் சாரம் கட்டும் மணிகண்டன். "நான் போன வாரமே சொன்னேன். அவனுங்க மூஞ்சியே சரியில்ல."

"போன வாரம் நீ லீவுல இருந்தடா," என்றார் பக்கத்தில் நின்றவர்.

"லீவுலயும் கவனிப்போம்ல."

யாரும் சந்தேகப்படவில்லை. போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கடைசி டீ குடிக்கக் கவுண்டர் முன்னால் வரிசை நின்றது. அதில் சீன இளைஞர்களும் நின்றார்கள். அவர்களுக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சீனி போடாத டீயை வாங்கி, மணிகண்டனோடு சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சேதுபதி ஒவ்வொரு கிளாஸையும் இரண்டு முறை ஆற்றிக் கொடுத்தார். பழைய மெஸ் பூட்டு ஞாபகம்.

லியு வேகமாக வந்தார். "ஹூ சே சீனி கலாஸ்?"

வரிசை மொத்தமும் சேதுபதியைப் பார்த்தது. அவர் காலி டப்பாவைத் திறந்து காட்டினார். "சார், இது சீனி. திஸ் கலாஸ். நீங்க இல்ல சார்."

லியு டப்பாவுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஐ டெல் மை வைஃப்," என்றார் மெதுவாக. "ஐ கமிங் ஹோம், ஐ டெல்."

சேதுபதி ஒரு கிளாஸ் டீயை அவர் பக்கம் நகர்த்தினார். லியு ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கீழே வைக்கவில்லை.

"மெஷின் எப்ப சார் வருது?" என்று கேட்டேவிட்டார் சேதுபதி. எப்படியும் போகிற வேலை. கேட்டால் என்ன?

லியு கலைந்துகொண்டிருந்த கூட்டத்தையும் நின்றிருந்த கிரேன்களையும் பார்த்தார். "நவ் கவுண்டர் குளோஸ், எவ்ரிபடி சே சீனி கோ. ஹெட் ஆபீஸ் வெரி ஆங்ரி. நோ. மெஷின் மாஃபி, நோ மெஷின். யூ டெய்லி டீ. பிக் டீ."

ஒரு வல்லரசின் மானம் இனித் தன் கெட்டிலில் கொதிக்கப் போகிறது என்பது சேதுபதிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "எவ்வளவு நாளைக்கு சார்?"

லியு விரலை மேலே காட்டினார். ஆகாயத்தையா, ஹெட் ஆபீஸையா, தெரியவில்லை.

"கொரியாக்காரனும் இப்புடித்தாண்டா மேல காட்டுவான்," என்று மணிகண்டனிடம் சொல்லிக்கொண்டே சேதுபதி அடுத்த பாலை அடுப்பில் ஏற்றினார்.