கரண்டுக்காரர் மகள்

போன வாரம் எங்கள் அடுக்குமாடியில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல். கடைசியாக ஒருவர், "நீங்க நெய்வேலிதானே மேடம், யாரையாவது கேட்டுப் பாருங்களேன்" என்று எனக்குச் செய்தி அனுப்பினார். எனக்கு வந்த எரிச்சல் அவர் மேல் மட்டும் இல்லை.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது பெரும்புயல் அடித்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் ஓடு பறந்தது, குழாயில் தண்ணீர் நின்றது. "ஊருன்னா கிணறு இருக்கும், ரெண்டு நாள் இருந்துட்டு வா" என்று சொல்லி, அப்பா என்னைத் திருவதிகைப் பக்கம் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். யுத்தம் வந்தால் பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்புவார்களாமே, அந்த யோசனைதான் போலிருக்கிறது. குண்டு விழுந்ததே அந்தக் கிராமத்தில்தான் என்பதை அப்பா கவனிக்கவில்லை. பலா மரம், முந்திரி மரம் எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஒடிந்த பலாவின் பால் வாசனை என் கவுனிலேயே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் பலாப்பழம் நறுக்கினால் நான் எழுந்து போய்விடுவேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் சில நாட்களிலேயே கரண்ட் வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு அத்தை வீட்டு வாசலில் நின்றால் தூரத்தில் அந்தப் பக்க வானம் மட்டும் வெளுப்பாகத் தெரியும். இங்கே கும்மிருட்டு. அப்பாவோ டியூட்டி மேல் டியூட்டி என்று வரவே இல்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "கரண்டுக்காரரு பொண்ணுதான நீ? உங்கப்பா வந்தா நம்ம தெருவுக்கு லைன வுடச் சொல்லு." நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அப்பாவுக்கு வேலை நிலக்கரி போகும் பெல்ட்டில். அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவரிடம் போய் "என் வீட்டில் சோறு வை" என்று கேட்பதைப் போன்றது அது. அது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

அத்தை மகள் செல்வி அக்காவுக்கு அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. சிம்னி விளக்கில் கண்ணெரியப் படிப்பாள். நர்சுக்குப் படிக்கவேண்டும் என்று ஆசை. "உங்க வூட்ல ராத்திரி எல்லாம் லைட்டு எரியுமா பாப்பா?" என்று கேட்பாள். எரியும். எங்கள் பிளாக்கில் யாரும் விளக்கை அணைத்து நான் பார்த்ததில்லை.

பொங்கல் கழித்து ஒருவழியாக அப்பா வந்தார். தெருவே கூடி நாற்காலி போட்டது. "எனக்கு அதுல வேல இல்லீங்க, நான் பெல்ட்டுல இருக்கேன்" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அப்போது செல்வி அக்கா புத்தகங்களை அடுக்கிய பையோடு வந்து நின்றாள்.

"மாமா, பரீட்ச முடியிற வரைக்கும் நானும் வரட்டா?"

அத்தை வீட்டு மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "வயசுப் பொண்ண எங்கயும் அனுப்பிகினு இருக்க முடியாது." அப்பா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசினார். "எதுக்கும்மா அலைச்சல், ரெண்டு நாள்ல கரண்ட் வந்துரும்."

கரண்டில் தனக்கு வேலையே இல்லை என்று அப்போதுதான் சொன்ன மனுஷன். இதை மட்டும் தெருவே நம்பியது. செல்வி அக்காவும் நம்பிப் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நான் வண்டியில் அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

கம்பம் நட்டு வெளிச்சம் வந்தபோது மாசி பாதி போய்விட்டது. அக்கா கணக்கில் தவறினாள். மறுபடி எழுத யாரும் அனுப்பவில்லை; முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பா ரிடையர் ஆனதும் நாங்கள் காலி செய்த குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். அந்த நாளில் அதில் பின்னறை ஒன்று, பழைய சைக்கிளும் டிரங்குப் பெட்டியும் மட்டும் இருக்க, ஆளே இல்லாமல் விளக்கு எரிந்துகொண்டு கிடக்கும். போன தடவை பார்த்தபோது அக்கா கேட்டாள், முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்களால் எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே.

"உங்க வூட்ல அப்ப எடம் பத்தலதான? அதான் மாமா இட்டுகினு போவல."

"ஆமாங்க்கா. ரொம்பச் சின்ன வீடு" என்றேன். இனி யாரும் போய்ப் பார்க்கவா முடியும்.