ஓராண்டு முந்திய வெள்ளி விழா

மார்ச் மாதம் முதல் திங்கட்கிழமை, எங்கள் கருத்தரங்குக் குழுவின் செயலாளருக்கு நான் அனுப்பிய கடிதத்தின் நகல் கோப்பில் இருக்கிறது. அதன் இரண்டாவது பத்தி இது: “வெள்ளி விழா இவ்வாண்டு என்று அழைப்பிதழ் மாதிரியில் கண்டேன். முதல் கருத்தரங்கு நடந்து, வரும் ஆகஸ்டில் இருபத்து நான்கு ஆண்டுகளே நிறைகின்றன. ஆண்டுகளை விட்டுக் கருத்தரங்குகளை முதலாவதிலிருந்து எண்ணினாலும், கொரோனா முடக்கத்தில் நடக்காமற்போன இரண்டைக் கழிக்க, இது இருபத்து மூன்றாவது. எந்த வழியில் எண்ணினாலும் இருபத்தைந்து வரவில்லை. அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடலாம்.”

எங்களுடையது சிறிய கருத்தரங்கு. பினாங்குத் தமிழர் வரலாற்றைப் பற்றி ஆகஸ்டுதோறும் ஜார்ஜ்டவுனில் மூன்று நாள் கூடுவோம். வெள்ளியும் சனியும் கட்டுரைகள், சனி பிற்பகல் எங்காவது ஒரு சுற்றுலா, ஞாயிறு விருந்து. நான் துறைமுகத்தில் சரக்குப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். பட்டம் எதுவும் இல்லை. கூட்டக் குறிப்புகளை வைத்திருப்பதும், பேச்சாளர்களுக்கு நேரம் பார்த்து மணி அடிப்பதும் என் வேலை. குறிப்புகள் என்னிடம் இருப்பதால் எண்ணிக்கையில் பிழை வந்தால் அதைச் சொல்வதும் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

செயலாளர் பட்டர்வொர்த்தில் ஒரு கல்லூரியில் பணிபுரியும் பெண். என் கடிதங்களுக்கு எப்போதும் கடிதத்தில்தான் பதில் எழுதுவார். அந்த முறை மறுநாள் மதியம் தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணே, கடுதாசி கெடச்சுது. இத வேற யாருக்கும் அனுப்பிட்டீங்களா?”

“இல்லம்மா. குழுவுக்கு ஒரு நகல் அனுப்பலாம்னு இருந்தேன்.”

“அனுப்பாதீங்க.” பின்னால் மாணவர்கள் நடந்துபோகும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்தார். “எண்ணத் தெரியாமலா போட்டோம்? அடுத்த வருஷம் வரைக்கும் சார் இருப்பாருன்னு டாக்டர் சொல்லலண்ணே.”

சார் என்றால் எங்கள் எல்லாருக்கும் ஒருவர்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கருத்தரங்கைத் தொடங்கியவர். வெள்ளி விழாவைத் தான் பார்த்துவிட வேண்டும் என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நோய் என்னவென்று அவர் மகளுக்குத் தெரியும், மகள் சொல்லிச் செயலாளருக்குத் தெரியும். சாருக்குத்தான் தெரியாது.

“வயித்துப் புண்ணுன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்காரு. தெரிஞ்சா அன்னைக்கே படுத்துருவாருன்னு மக சொல்லுது. விழாவ ஏன் முன்னுக்குக் கொண்டாந்தோம்னு அவரு யோசிக்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்க பேசாம இருந்தா போதும்லா.”

பேசாமல் இருப்பதாகச் சொன்னேன். இருந்தேன். விழா மலருக்குக் கருத்தரங்கின் வரலாற்றை நான்தான் எழுதினேன். பன்னிரண்டு பக்கத்தில் ஓரிடத்திலும் எண்ணிக்கை வராமல் பார்த்துக்கொண்டேன். ‘அந்த நாட்களில்’, ‘சில ஆண்டுகள் கழித்து’ என்றெல்லாம் என் வாழ்நாளில் எழுதாத சொற்களை எழுதினேன்.

பிழை வேறிடத்தில் நடந்தது. என் கணினியில் ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் கருத்தரங்கு முடிந்த அடுத்த வாரம் அதில் ஒரு வரி சேர்ப்பேன்: வரிசை எண், தேதி, இடம், வந்தோர் தொகை. மலருக்குக் கடைசிப் பக்கத்தில் ஏதாவது வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டார்கள். கேட்ட மாலையே இந்த ஆண்டுக்கான வரியையும் சேர்த்து அதை அனுப்பிவிட்டேன். கட்டுரையில் அவ்வளவு கவனமாக இருந்தவனுக்கு அட்டவணையைப் பற்றி நினைவே வரவில்லை. கருத்தரங்கின் முதல் நாள் காலை பெட்டிகள் வந்தன. பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். முதல் கருத்தரங்கின் முழுத் தேதி மேலே இருந்தது. வரிசை எண் இருபத்து மூன்றில் முடிந்திருந்தது.

செயலாளர் கோபப்படவில்லை. பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சாருக்குக் குடுக்கப் போற பிரதியில மட்டும் இதக் கிழிச்சிருவோமா?”

“கிழிச்சா மொதல்ல அதத்தாம்மா கேப்பாரு. பக்கம் எண்ணிப் பாக்கிற ஆளு.”

நூல் வெளியிட்டால் முதல் பிரதியை ஒருவர் மேடையில் பெற்றுக்கொள்ள வேண்டும். அது சார்தான் என்று அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. பொன்னிறத் தாளில் இறுக்கிச் சுற்றி, நாடாவால் இரண்டு கட்டுக் கட்டிக் கொடுப்பது; மேடையிலிருந்து இறங்கியதும் மகள் வாங்கித் தன் பையில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

சனி பிற்பகல் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனோம். பழைய கல்வெட்டுகளைக் காட்டிக்கொண்டே படியேறுவது சாரின் வழக்கம். எங்களில் பாதிப்பேர் அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க நிற்போம். இந்த முறை அவர் அடிவாரத்தில் வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. இலைகூட அசையாத புழுக்கம். மேலே போனவர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கிவிட்டார்கள். இறங்கியவர்கள் ஒவ்வொருவராக வேன் அருகில் வந்து அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் வரிசை நின்றது. இத்தனை ஆண்டுகளில் அவரோடு படம் எடுக்க யாரும் வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை.

“என்னலா, கோயிலு மேல இருக்கு, கூட்டம் கீழ நிக்குது?” என்றார் சார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. மகள் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மாத்திரை கொடுத்தார்.

எங்கள் விருந்து எப்போதும் இரவில்தான் நடக்கும். இந்த ஆண்டு ஞாயிறு மதியத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஏன் என்று கட்டுரையாளர் ஒருவர் கேட்டதற்கு மண்டபம் கிடைக்கவில்லை என்று செயலாளர் சொன்னார். மண்டபம் இரவும் காலியாகத்தான் இருந்தது; பதிவுப் பலகையை நான் பார்த்தேன்.

அன்று மேடையில் மலரை வெளியிட்டார்கள். சார் வாங்கி உயர்த்திக் காட்டினார், படம் எடுத்தார்கள். இறங்கிவிடுவார் என்று மகள் படியருகில் வந்து நின்றார். தலைமை தாங்கியவரோ “சார் நம்மோடு மேடையிலேயே இருக்கட்டும்” என்று நடுநாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். வாழ்த்துரை ஏழு பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம்.

மேடையில் உட்கார்ந்து தன்னைப் பற்றிய புகழுரையைக் கேட்கும் மனிதருக்குக் கையில் இருக்கும் புத்தகத்தைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. இரண்டாவது வாழ்த்துரையில் அவர் நாடாவை அவிழ்த்தார். மூன்றாவதில் சட்டைப்பையிலிருந்த பென்சிலின் முனையால் தாளைக் கிழித்தார். நான் மேடை ஓரத்தில் மணியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் முன்னாலிருந்து படிக்கிற வழக்கம் உள்ளவர். கடைசிப் பக்கம் வருவதற்குள் வாழ்த்துரைகள் முடிந்துவிடும் என்று ஒரு நிமிடம் நம்பினேன். நான்காமவர் பேசும்போது புத்தகத்தைத் திருப்பிப் பின்னாலிருந்து திறந்தார். அட்டவணைமீது பென்சில் மெல்ல மேலே போயிற்று. முதல் வரியில் நின்றது.

அவர் விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டார். நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றேன். கீழே மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது உன் பட்டியல்தானே?”

“ஆமா சார்.”

“அப்ப இருபத்து நாலுதான் ஆவுது. இவங்க ஏன் அவசரப்படுறாங்க?”

ஒலிபெருக்கியில் நான்காமவர் அவருடைய நினைவாற்றலைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

“மொத கருத்தரங்குக்கு முன்னாடி ஒரு ஆலோசனைக் கூட்டம் நடந்துச்சு சார். அதுலேருந்து எண்ணுறாங்க.”

“எங்க?”

“கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில. ஒரு கடைக்கு மேல் மாடி.”

“தேதி?”

தேதி இல்லாமல் அவரிடம் எதையும் சொல்ல முடியாது. “மொத கருத்தரங்குக்கு சரியா ஒரு வருஷம் முன்ன. ஆகஸ்டு, ரெண்டாவது ஞாயித்துக்கிழமை.”

“உன் நோட்டுல இருக்கா?”

“இருக்கு சார்.”

அதுவரை நான் எழுதாத ஒரு தேதியைச் சொன்னதில்லை. அவர் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தார். கண்களில் மஞ்சள் ஏறியிருந்ததை அவ்வளவு அருகில் அப்போதுதான் கண்டேன். பிறகு அட்டவணையின் முதல் வரிக்கு மேலே, நான் சொன்ன தேதியைப் பென்சிலால் எழுதினார்.

“போய் மணிய அடி. இவன் ஏழு நிமிஷம் பேசிட்டான்.”

ஏற்புரைக்கு எழுந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். நன்றி சொல்லி முடித்தபின் புத்தகத்தைத் திறந்தார்.

“இருபத்தஞ்சு வருஷம்னு போட்டிருக்காங்க. எண்ணிப் பாக்கிறவங்களுக்கு இடிக்கும். நாங்க மொதல்ல கூடினது பள்ளிவாசல் சாலையில, ஒரு மளிகைக்கடைக்கு மேல. அஞ்சு பேரு. அன்னைக்கு நல்ல மழை. மாடியில ஒழுகுது, பாய இங்கேயும் அங்கேயும் இழுத்துப் போட்டுத்தான் பேசினோம். கடைக்காரரு கீழேருந்து தே தாரேக் அனுப்புனாரு, ஆளுக்கு ஒரு கிளாஸ்னு நாலுதான் வந்துச்சு. யாருக்கு இல்லைங்கிறதுதான் எங்க மொத விவாதம்.”

மண்டபம் சிரித்தது. அவர் ஐந்து பேரின் பெயரையும் சொன்னார். மழையையோ பாயையோ தேநீரையோ நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. செயலாளர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் மணியை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் உரைக்கு நான் நேரம் பார்க்கவில்லை.

வண்டியில் ஏறும்போது சார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மகள் மறுபக்கக் கதவைத் திறக்கப் போயிருந்தார்.

“அடுத்த வருஷம் பதாகையில என்ன போடுவ?”

“இருபத்தாறு சார்.”

“ஆமா. மாத்திடாத. நம்ம ரெண்டு பேரும் சொல்லிட்டோம்.”

நவம்பர் கடைசி வாரத்தில் அவர் காலமானார். அதற்குமுன் அவரை மூன்று முறை பார்த்தேன். வயிற்றுப் புண் ஆறவில்லை என்று மூன்று முறையும் சொன்னார். அடுத்த ஆகஸ்டில் பதாகையில் இருபத்தாறு என்று போட்டோம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

நான் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் நாட்குறிப்பைப் புரட்டினேன். அன்று நான் தைப்பிங்கில் ஒரு திருமணத்தில் இருந்திருக்கிறேன். பினாங்கில் மழை பெய்ததா என்றுகூட எனக்குத் தெரிய வழியில்லை. சார் பெயர் சொன்ன ஐவரில் அவரோடு சேர்த்து நால்வர் இப்போது உயிரோடு இல்லை. எஞ்சியவர் மகனோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். எழுதிக் கேட்டேன். மாடியும் ஒழுகலும் நினைவிருக்கிறது, அது முதல் கருத்தரங்குக்கு முன்பா பின்பா என்று சொல்ல முடியவில்லை என்று பதில் வந்தது. மளிகைக்கடை இருந்த கட்டடம் எது என்றும் அவருக்குத் தெரியவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே, முதல் கருத்தரங்குக்கு முந்திய ஆகஸ்டில் அந்த மாடியில் அப்படியொரு கூட்டம் நடந்தது என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.